வெள்ளைக் கட்டை

துணியை நனைத்துப் பிழிந்து, அவருடைய கழுத்து மடிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள் மனைவி. கட்டிலின் வலப்பக்கம் சுவரை ஒட்டிக் கிடந்தது. அப்பா புரண்டு விழுந்துவிடுவாரோ என்று மகள் வந்த அன்றைக்கே அப்படித் தள்ளிப் போட்டுவிட்டாள். அதிலிருந்து உட்காரவும் துடைக்கவும் ஊட்டவும் இடப்பக்கம் மட்டும்தான்.

“கையத் தூக்கு” என்றாள் மெல்ல.

அவர் தூக்கவில்லை. அவளே தூக்கிப் பிடித்து அக்குளைத் துடைத்தாள். “துணி மூட்டைகூட உன்னைவிடக் கனமா இருக்கும்.”

அவர் கண்கள் மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தன. விசிறி ஓடவில்லை. குளிருகிறது என்று அவர் சைகை காட்டியதிலிருந்து அதைப் போடுவதில்லை.

“அம்மா, அப்பா ஏதாவது கேக்கறாரா?” என்று சமையலறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

“இல்லடி. நான்தான் பேசிட்டிருக்கேன்.”

“யார்கிட்ட?”

அவள் துணியை மறுபடி நனைத்தாள்.

அவருக்கு இடது காது கேட்காது. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான சின்னத் திடல் ஒன்றில் அவருக்கு வேலை. விமானம் ஏறும் முன்னும் இறங்கும் முன்னும், ஓடுபாதையில் வந்து உட்கார்ந்திருக்கும் கொக்கையும் பருந்தையும் புறாவையும் துப்பாக்கி வெடித்துக் கிளப்பிவிட வேண்டும். கொல்வதற்கில்லை, கிளப்புவதற்குத்தான். பழைய துப்பாக்கி. ஒரே குழல், ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. சுட்டதும் நடுவில் மடக்கி, சூடாக இருக்கும் காலித் தோட்டாவை எடுத்துப் போட்டுவிட்டு இன்னொன்றைச் சொருக வேண்டும். வலது தோளில் துப்பாக்கியின் மரக்கட்டையைப் பதித்து, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழலின் வாய்ப்பக்கம் திரும்பியிருக்கும். வருஷக்கணக்கில் அத்தனை சத்தத்தையும் வாங்கிக்கொண்டு அந்தக் காது ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. திடலில் அவருக்கு ‘வேட்டு’ என்று பெயர். மேனேஜர்கூட “வேட்டு வந்தாச்சா” என்றுதான் கேட்பாராம்.

மற்றவர்களைப்போல அவளும் முதலில் கத்திப் பார்த்தாள். பிறகு வலப்பக்கம் வந்து பேசப் பழகினாள். நடக்கும்போது வலப்பக்கம், பஸ்ஸில் உட்கார்ந்தால் வலப்பக்கம். வலது காதுக்கு அவள் ‘நீங்க’ என்பாள். சாப்பிட வாங்க, குடை எடுத்துக்கிட்டீங்களா, கேஸ் தீந்துபோச்சுங்க. அந்தக் காதுக்கு இதற்கு மேல் சொல்வதற்கு அவளிடம் அதிகம் இருந்ததில்லை. அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை. ம் என்பார். சரி என்பார். சில நாள் அதுவும் கிடையாது.

இடது காது எப்போது அவளுடையது ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. மாமியார் இந்த வீட்டில் இருந்த காலமாக இருக்க வேண்டும். ஒரு மத்தியானம் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே, உதடு அதிகம் அசையாமல், “உங்கம்மா வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வாயேன்” என்றாள். ‘வாயேன்’ என்று தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே காய் நறுக்குவதை நிறுத்தினாள். அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்துக்கு ‘நீ’. உன்னைக் கட்டிக்கிட்டு என்னத்தக் கண்டேன். உன் முகத்துல இன்னிக்கு என்ன எண்ணெய் வழியுது. பல் டாக்டர் எவ்வளவு தன்மையா விசாரிச்சாரு தெரியுமா, நீ ஒரு நாள் கேட்டிருக்கியா வலிக்குதான்னு. சந்தோஷத்தையும் அங்கேதான் சொன்னாள். மகள் பேசிய முதல் வார்த்தை, பக்கத்துத் தெருவில் பார்த்த சிவப்புப் பூக்கொடி, காரணமே இல்லாமல் மனசு லேசாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. சுவரிடம் பேசுவதைவிட இது மேல். சுவருக்கு மூச்சு கிடையாது.

இன்று அந்த மூச்சு ஒரு மாதிரியாக இருந்தது. இழுத்தது, நின்றது, மறந்துபோனதுபோல் இருந்துவிட்டு மறுபடி இழுத்தது. இனிமேல் ஆஸ்பத்திரியில் வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பியபோதே இப்படி வரும் என்று சொல்லியிருந்தார். அவள் துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, காதோரம் ஈரத்தில் ஒட்டியிருந்த அவர் முடியை ஒதுக்கினாள்.

“போதும்” என்றாள். “எனக்கும் முடியல, உனக்கும் முடியல. போறதுன்னா போயிடு. நான் இருந்துக்கறேன்.”

சொன்னதும், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்தவள்போலச் சட்டென்று எழுந்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்த் தண்ணீரைக் கொட்டினாள். துணியை அலசி, உதறி, கொடியில் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்கக் கிளிப்பும் மாட்டினாள். அவள் திரும்பி வந்தபோது, மூச்சு மறந்தது மறந்ததாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகுதான் மகளைக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வீடு அவள் கையை விட்டுப் போயிற்று. மகள் அழுதாள். மருமகனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று போனில் தகவல் வந்தது. மாடியில் குடியிருக்கும் டீச்சர் வந்து நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டாள். திடலிலிருந்து மேனேஜர் வந்து கைகட்டி நின்றார். ஜீப் ஓட்டுகிற தம்பி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பருந்து உட்கார்ந்த இடத்துக்கெல்லாம் அவரை ஜீப்பில் வைத்து ஓட்டிப் போனவன் அவன்தான். அவரோடு பதினைந்து பதினாறு வருஷம் இருந்திருப்பான். அவனை யாரும் கூப்பிடவில்லை, ஆனால் எல்லா வேலையையும் அவன்தான் செய்தான்.

வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் ஒன்றையே சொன்னார்கள். “கஷ்டப்படாமப் போயிட்டாரு. அந்த மட்டும் நல்லது.” அவள் தலையாட்டினாள். கண் வறண்டுதான் இருந்தது. “கல்லு மாதிரி உக்காந்திருக்காளே” என்று யாரோ யாரிடமோ சொன்னது, தாழ்ந்த குரல் என்று அவர்கள் நினைத்துக்கொண்ட குரலில், அவள் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் எடுத்துப் போனார்கள். போய்விட்டு வந்தவர்கள் கை கால் கழுவிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நாற்காலிகள் பழைய இடத்துக்கு வந்தன.

அதற்கடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. துப்பாக்கி அவர் பெயரில்தான் லைசென்ஸ். ஆள் இல்லாத வீட்டில் அது இருக்கக் கூடாது, கொண்டுவந்து ஒப்படைத்துவிட வேண்டும் என்றார்கள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ‘ஆள் இல்லாத வீடு’ என்று அவர்கள் சொன்னபோது அவள் போனைக் காதில் வைத்தபடி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“நான் தொடமாட்டேன்மா அதை” என்றாள் மகள். “சின்ன வயசுலேருந்தே பயம்.”

“உன்னை யாரு தொடச் சொன்னா?”

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை விட்டு அவளே எடுத்தாள். அவருடைய பழைய பேன்ட் ஒன்றின் காலை வெட்டி அவள் தைத்துக் கொடுத்த உறை. நாடாவை அவிழ்த்து ஒருமுறை பார்த்தாள். தோட்டா இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் நடுவில் மடக்கிக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். அவர் தினமும் செய்ததைப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்திருந்தது.

குழல் கறுப்பு. கட்டை மட்டும் வெளிர் மஞ்சள், தோலுரித்த கிழங்கு நிறம். கன்னம் படிந்த இடத்தில் தேன் நிறமாகக் கொஞ்சம் இருண்டிருந்தது. கை பிடிக்கும் கழுத்துப் பகுதியிலும் அப்படித்தான். மற்றபடி மரத்தின் வரிகூடத் தெரியும். திடலில் இதற்கு ‘வெள்ளைக் கட்டை’ என்று பட்டப்பெயர். துப்பாக்கிக்கு நரை விழுந்துவிட்டது என்று பயிற்சிக்கு வருகிற பையன்கள் கேலி செய்வார்களாம்.

வாங்கியபோது அது இப்படி இல்லை. கட்டையும் கறுப்பாகத்தான் இருந்தது, தார் பூசினாற்போல. மகள் தவழ்கிற காலத்தில் ஒருநாள் அதை வேலைக்கு எடுத்துப் போனவர், சாயங்காலம் இந்த நிறத்தில் கொண்டுவந்து சாத்தினார். “என்னங்க இது?” என்று அவள் வலப்பக்கம் வந்து கேட்டாள். “சாயம் உரிஞ்சுது. சுரண்டிட்டேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நகக்கண்ணிலெல்லாம் கறுப்பு ஏறியிருந்தது. சாப்பிடும்போது அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது நினைவிருக்கிறது.

ஜீப் வந்து ஹாரன் அடிக்காமல் நின்றது.

“நான் எடுத்துக்கறேன் அண்ணி” என்றான் ஜீப்புக்காரத் தம்பி.

“இருக்கட்டும், மடியில வச்சுக்கறேன்.”

ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் சைக்கிள்கள். அவன் வண்டியை அணைத்தான். சத்தம் அடங்கியதும் அவன் கண் உறையின் வாயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கட்டையின் மேல் போயிற்று.

“இதச் சுரண்டின அன்னிக்கு அண்ணன் கை என்ன ஆச்சுன்னு பாத்தீங்களா?” என்றான். “ஒர்க்‌ஷாப் ஆளுங்க கதை கதையாச் சொல்வாங்க. உடைஞ்ச கண்ணாடித் துண்ட வச்சு உக்காந்து சுரண்டினாராம். உள்ள பாத்தா வெள்ளை மரம். மட்ட மரத்துக்குச் சாயத்தப் பூசி வித்துட்டான்டா கம்பெனிக்காரன்னு சிரிச்சாங்களாம். மறுபடி சாயம் போட்டுத் தரோம்னு டப்பாவத் தெறந்தா, அண்ணன் வேணாம்னுட்டாராம்.”

“ஏனாம்?”

“வீட்ல பயப்படறாங்கன்னு.” அவன் சாதாரணமாகச் சொன்னான். “மூலைல சாத்தி வச்சா யாரோ கறுப்பா நின்னு நம்மளயே பாக்கற மாதிரி இருக்குன்னு நீங்க சொன்னீங்களாமே.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

சொன்னாள்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அவர் தரையில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இவள் இடப்பக்கம் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ‘உன் கூட்டாளி ராத்திரியெல்லாம் மூலைல நின்னு என்னையே பாக்கறான். ஒரு நாள் இல்ல ஒரு நாள் அவனைத் தூக்கிக் கிணத்துல போடப்போறேன்.’ சொல்லிவிட்டு மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போனாள்.

“அது அவருக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

“நீங்க சொன்னதாத்தான் சொன்னாரு.”

“நான் கேக்காத காதுப் பக்கம்தானே சொன்னேன்.”

தம்பி ஸ்டியரிங்கின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அது நின்றது.

லாரிக்காரன் இறங்கி நின்று சோம்பல் முறித்தான். ரயில் இன்னும் வரவில்லை.

“இப்ப சொல்லலாமில்ல அண்ணி” என்றான் தம்பி, தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல. “அண்ணனுக்கு அந்தக் காது மந்தம். செவிடு இல்ல. கத்தினா ஒரே இரைச்சலா இருக்கும், ஒண்ணும் புரியாதாம். மெதுவாப் பேசினா கேக்கும். எனக்கே ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் கொட்டகைல உக்காந்துக்கிட்டு, அண்ணனோட கேக்காத காதுப் பக்கம்தானேன்னு மேனேஜரக் கண்டபடி முணுமுணுத்துட்டிருந்தேன். பூசணிக்கா மண்டையன்னு ஏதோ சொன்னேன். அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு.”

“வீட்ல அவரு சிரிச்சதில்லையே.”

“சிரிச்சாக் காட்டிக் குடுத்துடுமே.”

அவள் உறையின் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“அண்ணிகிட்ட ஏண்ணே சொல்லாம இருக்கீங்கன்னு கேட்டேன்” என்றான். “சொன்னா நிறுத்திடுவாடான்னாரு. அந்தப் பக்கம் உக்காந்தா என்னை ‘நீ’ம்பா. இந்தப் பக்கம் வந்தா ‘நீங்க’ ஆயிடுவேன். எனக்கு அந்தப் பக்கம்தான் நல்லா இருக்குன்னாரு.” சொல்லிவிட்டு அவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். “உங்ககிட்ட சொல்லிடாதேன்னாரு. சத்தியமா இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல.”

ரயில் வந்தது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த வருஷம். மகளைத் தங்கை வீட்டில் விடுமுறைக்கு விட்டிருந்தார்கள். அவள் ஒரு பையில் துணிகளை அடுக்கிப் பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் இடப்பக்கம் உட்கார்ந்து சொன்னாள்: ‘நாளைக்கு நீ வேலைக்குப் போனதும் நான் போறேன். தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு, அப்படியே திரும்பி வராம இருந்துடப்போறேன். நீ சாயங்காலம் வந்து பாத்தாதான் உனக்குத் தெரியும்.’ அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. தலை வலிக்கிறது என்று படுத்துக்கொண்டார். அதற்கு மறுநாளும் போகவில்லை. அதுவரை லீவே போடாத மனுஷன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. என் தலையெழுத்து, என்றைக்கும் இல்லாமல் இன்றைக்குப் படுத்துக்கொள்கிறான் என்று எரிச்சலோடு கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவரே தங்கை வீட்டுக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பையிலிருந்த துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப அலமாரிக்குப் போயின. அவரால் அதைத் தடுத்துக் கேட்டிருக்க முடியும். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியும். சும்மா படுத்துக்கொண்டார்.

இன்னும் என்னென்ன சொன்னாள் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் மனசு தானாகவே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. பல் டாக்டர். பூட்டு. நீ இல்லாம இருந்தா நான் எப்படி இருந்திருப்பேன்னு யோசிச்சேன், நல்லாத்தான் இருந்திருப்பேன். அதைக் கேட்டுக்கொண்டும் அவர் பேப்பர் படித்திருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டும் மறுநாள் மறுபடி இடது காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கடைசிப் பெட்டி போயிற்று. கேட்டை உடனே தூக்கவில்லை.

“தம்பி” என்றாள். “கடைசில, அந்தக் கடைசி நாள்ல, காது கேட்டிருக்குமா?”

அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. ஆறுதல் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்த நிம்மதியில் அவன் குரல் கனிந்தது.

“கேட்டிருக்கும் அண்ணி. கண்டிப்பாக் கேட்டிருக்கும். எல்லாம் போனப்புறம் கடைசியாத்தான் காது போகுமாம். நீங்க பக்கத்துல உக்காந்து பேசினது அத்தனையும் கேட்டிருக்கும்.”

கேட்டைத் தூக்கினார்கள். அவன் வண்டியைக் கிளப்பினான்.

ஸ்டேஷனில் மின்விசிறி கடகடத்தது. ஏட்டு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, மேஜைமேல் ஒரு பழைய பேப்பரை விரித்து அதன்மேல் வைத்தார். மடக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, குழலின் அடியில் இருந்த எண்ணை வாசித்தார். பிறகு அவள் நீட்டிய லைசென்ஸைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், மறுபடி லைசென்ஸைப் பார்த்தார்.

“நம்பர் சரியா இருக்கு. ஆனா இதுல கறுப்புக் கட்டைன்னுல்ல போட்டிருக்கு.”

“அதே கட்டைதான் சார்” என்றான் தம்பி.

“இது வெள்ளையா இருக்கேப்பா. வேற கட்டை போட்டீங்களா? போட்டா எழுதிக் குடுத்திருக்கணும்.”

“இல்ல சார், அது வந்து...”

“நான் சொல்றேன்” என்றாள் அவள்.

ஏட்டு நிமிர்ந்தார். பக்கத்து மேஜையில் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்த கான்ஸ்டபிளும் திரும்பிப் பார்த்தார். அவள் செருமிக்கொண்டாள்.

“கறுப்பு எனக்குப் பிடிக்கல. பயமா இருக்குன்னு சொன்னேன்.”

“சரி.”

“அவருக்குக் கேட்டுச்சு.”

இன்னும் ஏதோ வரப்போகிறது என்று ஏட்டு காத்திருந்தார். வரவில்லை.

“சாயத்தச் சுரண்டி எடுத்துட்டாரு சார்” என்று தம்பி முடித்துவைத்தான். “உள்ள இருந்த மரம் இது.”

ஏட்டு கட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். கன்னம் படிந்த தேன் நிறத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். “நல்லாத்தான் தேச்சிருக்காரு” என்றார். “வீட்ல யாராவது பேர் மாத்தி வாங்கிக்கறீங்களா? பையன் யாராவது?”

“யாரும் இல்ல. ஒரு பொண்ணு. அவளுக்கு வேணாம்.”

“அப்ப இங்கயே இருக்கட்டும்.” ஒரு அட்டையில் எழுதி, சணலால் குழலில் கட்டினார். பின்னால் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தபோது உள்ளே நிறையத் துப்பாக்கிகள் சாத்தியிருந்தன. எல்லாவற்றுக்கும் கட்டை கறுப்போ அடர்ந்த காவியோதான். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை. அவர் இதையும் ஓரமாக, சுவரோடு சேர்த்து வைத்தார்.

“சுவத்துல ஒட்டாம வைங்க” என்றாள் அவள். “சாயம் இல்லாத மரம். ஈரத்த இழுத்துடும்.”

அவர் மறுப்புச் சொல்லாமல் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார். சாவி லேசில் திரும்பவில்லை. இரண்டு மூன்று முறை திருகினார்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது தம்பி வண்டியிலிருந்து இறங்கி நின்றான். “நான் சொன்னது தப்பா அண்ணி?”

“இல்லப்பா.”

“ஏதோ சந்தோஷப்படுவீங்கன்னு...”

“போயிட்டு வா. மெதுவாப் போ.”

அவன் ஜீப் திருப்பம் தாண்டும்வரை நின்றாள். மகள் கதவைத் திறந்தாள். “ஏம்மா இவ்வளவு நேரம்? ஏதாவது தகராறா?”

“ரயில்வே கேட் மூடிட்டாங்க.”

“சாப்பிட்டியா? முகம் ஏன் இப்படி இருக்கு?” மகள் அவள் தோளைத் தொட்டாள். “ஞாயித்துக்கிழமைக்கு எனக்கு டிக்கெட் போட்டாச்சு. நீயும் எங்ககூட வந்துடும்மா. இங்க யாரு இருக்கா உனக்குப் பேச?”

“பாக்கலாம்.”

“பாக்கலாம் பாக்கலாம்னா? அப்பாகிட்ட பேசிப் பேசியே உன் தொண்டை போச்சு. இனிமேலாவது நிம்மதியா இரு.”

மகளிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எதைச் சொன்னாலும் கடைசியில் ‘போயிடு’ என்ற அந்த ஒரு வார்த்தையில் வந்துதான் அது நிற்கும். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

மாடிப்படியில் டீச்சர் எட்டிப் பார்த்தாள். “வந்துட்டீங்களா? கட்டில் விரிப்பெல்லாம் தோய்ச்சு மொட்டை மாடியில போட்டிருக்கேன். காஞ்சிருக்கும். வெயில் எறங்கறதுக்குள்ள எடுத்துடுங்க.”

மகளின் போன் அடித்தது. மருமகன். மகள் பேசிக்கொண்டே உள்ளறைக்குப் போனாள். அவள் படியேறினாள்.

மொட்டை மாடியில் யாரும் இல்லை. வெயில் சாய்ந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழல் நீளமாகக் கிடந்தது. விரிப்பு கொடி முழுவதையும் அடைத்துக்கொண்டு காற்றில் உப்பி உப்பித் தணிந்தது. இருவர் படுக்கிற கட்டிலுக்கானது, பெரியது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிரே நின்று உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து சேர்த்தால்தான் அது ஒழுங்காக மடியும்.

கிளிப்புகளைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். விரிப்பின் நடுவைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைகளை முடிந்த மட்டும் அகல விரித்தாள். முனைகள் அதற்கும் அப்பால் தரையைத் தொட்டுப் புரண்டன. காற்று உள்ளே புகுந்து துணியைத் தூக்கியது. அவள் தாடையை இன்னும் இறுக்கினாள். காற்று நிற்கட்டும் என்று, கைகளை விரித்தபடியே நின்றாள்.